மார்பக கேன்சர் ஏன் எலும்புக்குப் போகுது?

கேள்வி: அக்காவுக்கு மார்பக கேன்சர். பரவினா எலும்பு, நுரையீரல், கல்லீரல்னே சொல்றாங்களே, ஏன் டாக்டர்?

பதில்: ரத்த ஓட்டமும் ஒரு காரணம்தாம்மா, ஆனா அது மட்டும் இல்ல. கீமோகைன்னு குட்டி புரோட்டீன்கள் இருக்கு, காயம் பட்ட இடத்துக்கு வெள்ளை அணுக்களை வரவழைக்கிறது இதுங்கதான், சர்க்கரை வாசனைக்கு எறும்பு வர்ற மாதிரி. இதே வழியை கேன்சர் செல்லும் புடிச்சுக்குது. 2001ல வந்த ஒரு ஆய்வுல மார்பக கேன்சர் செல் மேல சிஎக்ஸ்சிஆர்4ங்கற ரிசப்டர், அதாவது கீமோகைன் வந்து ஒட்டுற புரோட்டீன், நிறைய இருந்துச்சு, அதுல ஒட்டுற சிஎக்ஸ்சிஎல்12 கீமோகைன் எங்க அதிகம்னு பார்த்தா நிணநீர் முடிச்சு, நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை! எலிகள்ல அந்த ரிசப்டரைத் தடுத்தப்போ நுரையீரலுக்குப் பரவுறது குறைஞ்சுது. மார்பக கேன்சருக்கு இந்த வழியில மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரல, அதனால இப்ப நடக்கற சிகிச்சையை எக்காரணம் கொண்டும் நடுவுல விட்டுடாதீங்க. விடாத இருமலோ எலும்பு வலியோ இருந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.