மூன்றாவது தவணையும் மக்கள் தெரிவும்

வணக்கம் ஐயா,

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ச மூன்றாம் முறை போட்டியிட்டதைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்தீர்கள். ஒருவரை எத்தனை தடவை தெரிவு செய்வது என்பது மக்கள் விருப்பம்தானே? அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் நான்கு முறை வெல்லவில்லையா? 2015இல் சனம் வேண்டாம் என்றதும் மஹிந்த வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு வரம்பு எதற்கு?

ர., மட்டக்களப்பு

அன்புள்ள ர.,

உங்கள் வாதத்தை உயர் நீதிமன்றமே 2010இல் ஏற்றுக்கொண்டது. இரண்டு தவணை வரம்பை எடுத்தால் வாக்காளருக்குத் தெரிவு கூடுமே தவிரக் குறையாது, சர்வசன வாக்கெடுப்பு வேண்டியதில்லை என்றது ஷிராணி பண்டாரநாயக்க தலைமையிலான ஐவர் குழாம். வரம்பை எடுத்த அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் அவசர சட்டமூலமாக வந்து, செப்டெம்பர் 8ஆம் திகதி ஒரே நாள் விவாதத்தில் 161க்கு 17 என்று நிறைவேறியது.

ஆனால் அந்தத் திருத்தம் வரம்பை மட்டும் எடுக்கவில்லை. அரசியலமைப்புப் பேரவையையும் சேர்த்தே எடுத்தது. மேல்நிலை நீதியரசர்களையும் தேர்தல், பொலிஸ் ஆணைக்குழுக்களையும் நியமிப்பதில் ஜனாதிபதியின் கையைக் கட்டியிருந்தது அந்தப் பேரவைதான். (அதை 2005க்குப் பிறகு இயங்கவே விடவில்லை என்பது வேறு கதை. சட்டத்திலாவது இருந்தது.) பதிலுக்கு வந்த பாராளுமன்றப் பேரவை அபிப்பிராயம் சொல்லலாம், கேட்பதும் விடுவதும் ஜனாதிபதியின் இஷ்டம். ஓடுகிறவரே நடுவரையும் நியமிக்கிற பந்தயம் அது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். பிரதம நீதியரசராகிவிட்டிருந்த அதே ஷிராணி பண்டாரநாயக்க, 2012இல் மஹிந்தவின் தம்பி பசில் ராஜபக்சவின் ‘வாழ்வின் எழுச்சி’ சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்றார். குற்றப்பிரேரணை வந்தது. 2013 ஜனவரியில் பதவி போனது. அந்த இடத்துக்கு வந்தவர் முன்னாள் சட்டமா அதிபர் மொஹான் பீரிஸ். பழைய சட்டம் இருந்தபோது இரண்டாம் முறை தெரிவானவர் மீண்டும் போட்டியிடலாமா என்ற கேள்வி 2014 நவம்பரில் எழுந்தபோது, ஜனாதிபதி அவரது நீதிமன்றத்திடமே அபிப்பிராயம் கேட்டார். தடையில்லை என்று பதில் வந்தது. மக்கள் தெரிவு என்று நீங்கள் சொல்வது இத்தனை வாசல்களைத் தாண்டித்தான் வாக்குச்சாவடிக்கு வருகிறது.

ரூஸ்வெல்ட் கதை வேறு. 1940இல் அங்கே எழுதிவைத்த தடை எதுவும் இல்லை. வாஷிங்டன் தொடக்கிவைத்த வழக்கம் ஒன்றுதான். அவர் சட்டத்தைத் திருத்தவில்லை. நீதிமன்றத்தில் தன் ஆட்களைச் சேர்க்க 1937இல் முயன்று தோற்றும் இருந்தார். அதற்காக அவரை அப்பாவி என்று நினைத்துவிடாதீர்கள். சிகாகோவில் நடந்த அவரது கட்சி மாநாட்டில் ‘எங்களுக்கு ரூஸ்வெல்ட்தான் வேண்டும்’ என்று ஒலிபெருக்கியில் முழங்கிய குரல், மண்டபத்தின் நிலவறையில் ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருந்த நகரக் கழிவுநீர்த்துறை அதிகாரியுடையது! ரூஸ்வெல்ட் இறந்தபின் 1951இல் அமெரிக்கரே இரண்டு தவணை போதும் என்று அரசியலமைப்பில் எழுதிவைத்தார்கள்.

இனி 2015. மக்கள் தோற்கடித்தார்கள், உண்மை. 2010இல் யாழ்ப்பாணத்தில் நாலில் ஒருவர்தான் வாக்களிக்கப் போனார். இம்முறை மூன்றில் இருவர் போனார்கள். ஆனால் அவர்கள் வாக்களிக்க ஒரு மைத்திரிபால சிறிசேன வேண்டியிருந்தது. சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளர், சுகாதார அமைச்சர். முதல் நாள் இரவு ஜனாதிபதியோடு இருந்து அப்பம் சாப்பிட்டுவிட்டு மறுநாள் எதிரணியின் பொது வேட்பாளராக வந்து நின்றவர். அந்த அப்பத்தைச் சொல்லிச் சொல்லியே மஹிந்தவின் ஆட்கள் மாய்ந்துபோனார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. மேலே உள்ளவர் இறங்கவே மாட்டார், இறங்கினாலும் தம்பியோ மகனோதான் என்றால் கட்சியில் மூத்தவர்கள் எதற்குக் காத்திருக்க வேண்டும்? வரம்பு இருந்திருந்தால் மைத்திரி வரிசையில் நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன். ஏறத்தாழ நாலரை லட்சம் வாக்கில் மஹிந்த தோற்றார். அப்படி ஒருவர் உடைத்துக்கொண்டு வராத நாடுகளில் என்ன நடக்கும் என்பதற்கு உகாண்டாவின் ஜனாதிபதி முசேவேனியைப் பாருங்கள். 2005இல் வரம்பை நீக்கியவர், பிறகு வயது வரம்பையும் நீக்கினார்.

2015 ஏப்ரலில் 19ஆவது திருத்தம் இரண்டு தவணை வரம்பையும் அரசியலமைப்புப் பேரவையையும் திரும்பக் கொண்டுவந்தது. 2020இல் ராஜபக்சக்கள் 20ஆவது திருத்தத்தோடு வந்து பேரவையை மறுபடியும் பிடுங்கினார்கள். மூன்றில் இரண்டு பெரும்பான்மை கையில் இருந்தும் தவணை வரம்பில் மட்டும் கை வைக்கவில்லை.