ஜீன்ஸ் பாக்கெட்டில் மல்லி விதை

இந்த வாரம் வந்த கடிதங்களில் மூன்று ஒரே சரக்கைப் பற்றி: கஞ்சா. பெயர்களை எடுத்துவிட்டு ஏரியாவை மட்டும் போட்டிருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா: பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். துவைக்கப் போட்ட ஜீன்ஸ் பாக்கெட்டில் மல்லி விதை மாதிரி, ஆனால் அதைவிடப் பொடிசாக நாலைந்து விதை, கூடவே கிழித்துச் சுருட்டிய விசிட்டிங் கார்டு துண்டு. ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து பிரெட் பாக்கெட் முழுவதையும் தின்கிறான். கண் சிவந்திருக்கிறது, கேட்டால் பைக்கில் வந்த தூசி என்கிறான். மூன்று வாரமாக, எதிர்வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஜன்னலை வேறு சாத்தி வைக்கிறான். அவன் அப்பா போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று குதிக்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: கண்ணையும் பிரெட்டையும் விடுங்கள் அம்மா. கஞ்சா ரத்தக் குழாய்களை விரிக்கும், பசியைக் கிளப்பும், சில மணி நேரத்தில் இரண்டும் அடங்கிவிடும். நான் இரண்டு முறை படித்தது அந்த ஜன்னல் விஷயத்தைத்தான்.

நம் மூளையே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைத் துளித்துளியாகச் சுரக்கிறது. 1992-ல் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற சொல்லை எடுத்து ஆனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். ஞாபகம், பயம், பசி, நேரம் போவது தெரிவது, இதையெல்லாம் கூட்டிக் குறைப்பதில் அதற்குப் பங்கு உண்டு, வேலை முடிந்ததும் கரைந்துவிடும். கஞ்சாவில் இருக்கிற, போதை ஏற்றுகிற டி.எச்.சி. என்ற பொருள் மூளையில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால் லேசில் எழுந்து போகாது. மூளை இருபத்தைந்து வயது வரைக்கும்கூட முதிர்ந்துகொண்டிருக்கும் என்பதால், உங்கள் பையன் வயதில் இது நாற்பது வயதுக்காரருக்குச் செய்வதைவிட அதிகம் குழப்பிவிடும். ஸ்வீடனில் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களை 15 வருடம் கவனித்து 1987-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் அதிகமாகக் கஞ்சா அடித்திருந்தவர்களுக்கு, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு மனச்சிதைவு நோய் (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம்) வந்திருந்தது. பயந்துவிடாதீர்கள், பெரும்பாலோருக்கு வராது. ஆனால் உங்கள் பக்கமோ உங்கள் கணவர் பக்கமோ, "அவர் கொஞ்சம் அப்படித்தான்" என்று கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார வைக்கிற மாமா, பெரியப்பா யாராவது இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

போதை இறங்கிய பிறகும் சந்தேகம் இறங்கவில்லை, அதுவும் மூன்று வாரமாக. இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794-லிருந்து இருக்கிறது, அதன் பெயரைச் சொல்லியே ஒருவரையொருவர் கிண்டலடித்து பாதிப் பேரை அந்தப் பக்கம் போகவிடாமல் செய்துவிட்டோம். அங்கே கூச்சமென்றால் சென்ட்ரல் எதிரே இருக்கிற ஜி.எச். என்கிற அரசு பொது மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. முதலில் பேசிப் பார்க்க 14446, கட்டணமில்லாத போதை மீட்பு எண்.

போலீஸ் விஷயம்: 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில், புகைத்ததற்கே ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடப் போடலாம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்கிறவரை வழக்கிலிருந்து காப்பாற்றுகிறது. அவன் அப்பாவிடம் இரண்டாவதைப் படித்துக் காட்டுங்கள்.

பையனை ராத்திரி மாடிப்படியில் மறித்துக் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் ஒன்றும் காதில் ஏறாது. மறுநாள் காலை, குளித்துவிட்டு வந்தபின், விதையை மேஜையில் வைத்து, "இது என்னன்னு எனக்குத் தெரியும். நீ சரியா தூங்குறியாடா?" என்று கேளுங்கள். எத்தனை நாளாக, யார் கொடுத்தது என்பதெல்லாம் அப்புறம்.

துரைப்பாக்கம், ஐ.டி. ஊழியர், வயது 26: செடிதானே டாக்டர்? சித்த வைத்தியத்தில் இருக்கிறது, கனடாவில் கடையிலேயே விற்கிறார்கள், ஐ.நா.வே விட்டுவிட்டது. சனிக்கிழமை மட்டும்தான் அடிக்கிறேன். டாஸ்மாக்குக்கு இது தேவலை இல்லையா?

பதில்: அரளியும் செடிதான். சித்த வைத்தியர் நஞ்சை நீக்கிச் சுத்தப்படுத்தி, அளவு பார்த்து லேகியத்தில் சேர்ப்பார். பீடித் தூளோடு கலந்து நெஞ்சு நிறைய இழுக்கச் சொல்ல மாட்டார். கனடா 2018-ல் அனுமதித்தது நிஜம். அங்கே பாக்கெட்டில் டி.எச்.சி. எவ்வளவு என்று அச்சடித்திருக்கும், அடித்துவிட்டு வண்டி ஓட்டினால் கேஸ். உங்கள் பொட்டலத்தில் என்ன அச்சடித்திருக்கிறது? ஐ.நா. 2020 டிசம்பரில் மிகக் கடுமையான பட்டியலிலிருந்துதான் எடுத்தது, கட்டுப்பாட்டில் இன்னும் இருக்கிறது.

மூச்சை நடத்துகிற அடிமூளையில் இதற்கு அவ்வளவாக வேலை இல்லை, அதனால் அளவு மீறி மூச்சு நின்று போவது மிக அபூர்வம், சரி. ஆனால் ஓ.எம்.ஆரில் முன்னால் போகிற தண்ணி லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிற மூளையை அது விட்டுவைப்பதில்லை. அடித்துப் பார்க்கிறவர்களில் சுமார் பத்தில் ஒருவரும், பதின்வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவரும் அடிமையாகிறார்கள். தொடர்ந்து நாலு சனிக்கிழமை விட்டுப் பாருங்கள். மூன்றாவது சனிக்கிழமை மத்தியானமே எரிச்சல் வந்தால் மறுபடி எழுதுங்கள். டாஸ்மாக்? மோசம்தான், அதற்குத் தனிக் கடிதம் போடுங்கள்.

வியாசர்பாடி, ஆட்டோ ஓட்டுநர்: எட்டு மாதமாக விட்டு விட்டு வாந்தி, வயிற்று வலி. ஸ்கோப் போட்டார்கள், ஒன்றும் இல்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொண்டால் மட்டும் அடங்குகிறது. மனைவி செய்வினை என்கிறாள். பன்னிரண்டு வருடமாக தினம் கஞ்சா உண்டு, அது வயிற்றுக்கு நல்லது என்றார்களே?

பதில்: அந்த வெந்நீர்தான் துப்பு. வருடக்கணக்கில் தினமும் புகைக்கிற சிலருக்கு, வாந்தியை அடக்க வேண்டிய அதே பொருள் வாந்தியைக் கிளப்பிவிடும். ஆஸ்திரேலிய டாக்டர்கள் 2004-ல் இதை எழுதினார்கள், அந்த நோயாளிகளும் வெந்நீரே கதி என்று பாத்ரூமில் கிடந்தவர்கள்தான். அடியோடு நிறுத்தினால்தான் போகும், குறைத்துக்கொண்டால் போதாது.

நிறுத்தினால் முதல் வாரம் தூக்கம் வராது, வேர்க்கும், கெட்ட கனவு, மனைவி மேல் எரிந்து விழுவீர்கள். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அதற்குப் பதிலாகக் குவார்ட்டரைக் கையில் எடுக்காதீர்கள். தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். போனதும் கஞ்சா விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் ஸ்கோப்தான்.