சின்ன வயது கார்ட்டூனைப் படமாக்கும்போது உருவத்தை மாற்றினால் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? சோனிக்கை ரசிகர்களுக்காகத் திருத்தியது சரியா?

நண்பர்கள் யாரிடமோ வாதாடிவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "ஒரு பொம்மைக்குப் போய் இவ்வளவு அலப்பறையா" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். என் பதில்: திருத்தியது சரி, கோபமும் நியாயம்தான். ஆனால் அந்தத் திருத்தத்தை உட்கார்ந்து செய்தவர்களைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான்.

நான் சினிமாக்காரன் இல்லை. ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். அதற்கு முன்னால் அப்பாவுக்கு எடுபிடி. அப்பா சுவர் ஓவியர். "உனக்கென்ன ஹாலிவுட்டைப் பற்றித் தெரியும்" என்பவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. சோனிக் என்பது சேகா நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த நீல நிற முள்ளெலி. வீடியோ கேம்தானே, கார்ட்டூன் எங்கே வந்தது என்று ஆரம்பிக்க வேண்டாம். 1993-லேயே டிவியில் கார்ட்டூனாகவும் ஓடியது. 2019 ஏப்ரல் 30 அன்று பாராமவுண்ட் இதன் பட டிரைலரை வெளியிட்டது. கேமில் சோனிக்குக் கண் இரண்டும் ஒட்டி, ஒரே வெள்ளைக்குள் இரண்டு கருவிழி இருக்கும். டிரைலரில் கண்கள் சின்னதாகி, தள்ளித் தள்ளி இருந்தன. வாயைத் திறந்தால் வரிசையாக மனுசப் பல். கால் ஏதோ ஓட்டப்பந்தய வீரனுடையது மாதிரி. வெள்ளைக் கையுறையைக்கூடக் காணோம். இணையமே கொதித்தது. இரண்டே நாளில், மே 2 அன்று, இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் ட்விட்டரில் வந்து மாற்றிவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார். நவம்பர் 8-இல் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரி 14-க்குத் தள்ளிப்போனது. நவம்பர் 12-இல் புது முகத்தோடு புது டிரைலர். கண் பெரிதாகி, கையுறை திரும்பி வந்திருந்தது. படம் 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அப்புறம் இரண்டு பாகம் வேறு எடுத்தார்கள்.

சரி, ஏன் கோபம்? "என் பால்யத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று எல்லோரும் எழுதுவதை நான் அப்படியே நம்புவதில்லை. காரணம் இன்னும் சாதாரணமானது. அதைச் சொல்ல நான் டோரா அத்தையிடம் போக வேண்டும்.

2010 மே மாதம். நான் பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் ஊரில் ஒரு நர்சரி பள்ளி, ஜூனில் திறப்பதற்குள் சுற்றுச்சுவர் உள்பக்கம் முழுக்கக் கார்ட்டூன் வரைந்து தரச் சொன்னது. டோரா, புஜ்ஜி, குள்ளநரி, சோட்டா பீம், மிக்கி. பேசியது 4,500 ரூபாய், பெயிண்ட் எங்களுடையது. அப்போது சுட்டி டிவி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. டோரா தெரியாத பிள்ளை கிடையாது. ஆனால் அப்பாவுக்குத் தெரியாது.

அப்பா மதுரையில் சினிமா பேனர் கம்பெனியில் தொழில் கற்றவர். சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதை இருபதடித் தட்டியில் பெரிதாக்கி, ரஜினி கன்னத்தில் ஒரு பக்கம் ரோஸ், மறுபக்கம் நீலம் என்று இழுத்து, கீழே நின்று பார்க்கிறவனுக்கு உயிரோடு தெரிய வைக்கிற கூட்டம் அது. ஃபிளெக்ஸ் வந்ததும் அந்தக் கம்பெனி மூடிவிட்டது. அப்புறம் ஊருக்கு வந்து கடைப் பலகை, கட்சிச் சுவர், குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் என்று கிடைத்ததை வரைந்தார். ஆனாலும் முகம் என்று வந்துவிட்டால் "சதை வரணும்டா" என்பார். எலும்பும் சதையும் தெரியாத முகம் அவருக்கு முகமே இல்லை.

மாதிரிக்கு என் தங்கையின் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த டோரா படத்தைக் கொடுத்தோம். விரல் உயரம். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "மூக்கே இல்லையே, அரைகுறையா அச்சடிச்சிருக்கான்" என்றார். கட்டம் போட்டார். ஆறடி டோராவுக்கு மூக்குத்தண்டு வந்தது. உதட்டில் மினுமினுப்பு வந்தது. கன்னத்துக்குக் கீழே நிழல். சிரிக்கிற வாயில் ஒவ்வொரு பல்லாக, ஈறோடு. கண்ணைக் குறைத்து இமை முடி போட்டார். நேர்மையாகச் சொல்கிறேன், அது பிரமாதமான வேலை. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பள்ளி திறந்த முதல் நாள் எல்.கே.ஜி. பிள்ளைகள் சுவரைப் பார்த்து அலறின. (முதல் நாள் எப்படியும் அழும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் வாரமும் அந்தச் சுவர் பக்கம் ஒரு பிள்ளை போகவில்லை.) யு.கே.ஜி. பெண் குழந்தை ஒன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்பே சொல்லிவிட்டது: "இது டோரா இல்ல. டோராவோட அத்தை."

அவ்வளவுதான், பள்ளி முழுக்க அது டோரா அத்தை ஆகிவிட்டது. தாளாளர் மீதி 1,500 ரூபாயைப் பிடித்து வைத்துக்கொண்டு, மாற்றினால்தான் பணம் என்றார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைக்கு டோரா என்பது எலும்பும் சதையும் உள்ள ஒரு சிறுமியின் படம் இல்லை. வட்ட முகம், நெற்றி மறைக்கும் கட்டை முடி, பெரிய இரண்டு கண். இந்த நாலு கோடுதான் டோரா. நாலு கோட்டுக்குப் பின்னால் 'நிஜமான' டோரா ஒளிந்திருக்கிறாள், நாம் அவளை வெளியே கொண்டுவருகிறோம் என்று அப்பா நினைத்தார். சோனிக்குக்கு முதலில் முகம் செய்தவர்களும் இதே வழியில்தான் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். நிஜ மனிதர்களோடு நிஜத் தெருவில் ஓட வேண்டிய பிராணி, அதனால் நிஜப் பல், நிஜ முடி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக ஒரு காரணம் சொல்ல முடியும். சேர்த்துப் பார்த்தால் அத்தை.

எங்கள் சுவரைத் திருத்தியது அப்பா என்றாலும் மேற்பார்வை பார்த்தது இரண்டாம் வகுப்பு படித்த என் தங்கை. ஞாயிற்றுக்கிழமை சாரத்துக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "பல்லு வேணாம்ப்பா, வெள்ளையா ஒரே கோடு போடுங்க", "நிழல எடுங்க", "கண்ணு இன்னும் பெருசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சோனிக்குக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. புது வடிவத்துக்குத் தலைமை தாங்கிய டைசன் ஹெஸ், ஏற்கெனவே சோனிக் காமிக்ஸ் வரைந்தவர், 2017-இல் வந்த சோனிக் கேம் ஒன்றுக்கு அனிமேஷன் செய்தவர். அந்த நாலு கோடு கைக்குள் இருக்கிற ஆள். ஆரம்பத்திலேயே அவர் மாதிரி ஒருவரை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தால் மூன்று மாதத் தாமதம் மிச்சமாகியிருக்கும்.

கத்தினால் எப்போதும் காரியம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அதே 2019-இல் வந்த லயன் கிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 கார்ட்டூனில் சிங்கங்களுக்குப் புருவம் உண்டு, முகம் அழும், முகம் சிரிக்கும். புதுப் படத்தில் அசல் சிங்கம், அதனால் குட்டிச் சிங்கத்துக்கு அதன் அப்பா செத்தாலும் அதே முகம். அதையும் திட்டினார்கள். படம் 160 கோடி டாலர் தாண்டி ஓடியது. தமிழில் பார்த்தபோது எனக்கே பெரிதாக உறுத்தவில்லை. அரவிந்த்சாமியும் ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் முகத்தின் வேலையையும் சேர்த்துக் குரலிலேயே பார்த்துவிட்டார்கள். அசல் சிங்கத்தை நாம் பார்த்திருக்கிறோம், அது நம்மைப் பயமுறுத்தாது. பல் வைத்த நீல முள்ளெலியை எவன் பார்த்திருக்கிறான்?

இனி என் புலம்பல். வேண்டாதவர்கள் இதைத் தாண்டிவிடலாம்.

சோனிக் படத்தின் கிராபிக்ஸில் பெரும்பங்கு செய்த எம்.பி.சி. நிறுவனம், படம் வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2019 டிசம்பரில், தன் வான்கூவர் ஸ்டுடியோவை மூடியது. சந்தை நிலவரத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். சோனிக்கால் மூடினார்கள் என்று நான் சொல்லவில்லை, கிளப்பிவிடாதீர்கள். ஆனால் ரசிகர்கள் ஜெயித்தார்கள், இயக்குநர் நல்ல பெயர் வாங்கினார், கம்பெனி லாபம் பார்த்தது என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியை ஏன் விட்டுவிடுகிறார்கள்? கிராபிக்ஸ் தொழிலில் வேலையை மொத்தமாக ஒரு தொகைக்குப் பேசி எடுப்பதுதான் வழக்கம் என்பார்கள். மொத்தமாகப் பேசினால் திருத்தம் யார் தலையில் விழும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃபிளெக்ஸில் காசு சதுர அடிக்குத்தான். திருத்தத்துக்குக் காசு கிடையாது. காதுகுத்துக்கு ஆறுக்கு நாலு ஃபிளெக்ஸ் கேட்பார்கள். வாட்ஸாப்பில் பதினாலு திருத்தம் வரும். மாமா முகத்தை வெள்ளையாக்கு, சித்தப்பா படத்தைப் பெரிதாக்கு, சித்தப்பா பெரிதானதால் பெரியப்பா கோபித்துக்கொண்டார், அவரை மேலே தூக்கு. இரவு பதினொரு மணிக்கு, "தம்பி, பழையதே நல்லா இருக்கு". அடுத்த நாள் வந்து ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுப்பார்கள். இதற்கெல்லாம் ரசிகர்கள் ஹேஷ்டேக் போட மாட்டார்கள்.

சரி, சுவருக்குத் திரும்புகிறேன். திருத்திய டோராவைப் பிள்ளைகள் அன்றே கட்டிப்பிடித்தார்கள். சுவரைத்தான், உண்மையாகவே. தாளாளர் 1,000 கொடுத்து மீதி 500-ஐ அப்புறம் பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது தடவை அடித்த பெயிண்டுக்கு ஒன்றும் கிடையாது. அப்பா சாரத்தைப் பிரிக்கும்போது கேட்டது ஒன்றுதான்: "கோடு போட்டு உள்ள கலர் ரொப்புறதுக்கு நான் எதுக்குடா?" அதற்கு அப்புறம் அவர் கார்ட்டூன் வேலையே ஒத்துக்கொள்ளவில்லை.

2019-இல் சோனிக் சண்டை நடந்தபோது இரண்டு முகத்தையும் போனில் அவருக்குக் காட்டினேன். புதியதைச் சட்டென்று தள்ளிவிட்டார். பழையதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "முடிய ஒவ்வொண்ணா போட்டிருக்கான் பாரு. பல்லு எவ்வளவு சுத்தம். இவன் வேலை தெரிஞ்சவன்." அந்தப் பழைய முகம் 2022-இல் டிஸ்னியின் சிப் அண்ட் டேல் படத்தில், 'அசிங்க சோனிக்' என்ற பெயரிலேயே கேலிப் பாத்திரமாக வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவிடம் அதை மட்டும் காட்டவில்லை.

டோரா அத்தையின் போட்டோ இருக்கிறதா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. அப்போது எங்களிடம் இருந்தது கேமரா இல்லாத போன். இந்தப் பதிலைப் போடுவதற்கு முன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மூக்கு நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றார்.