சர்க்கரையால் கண் பாதிப்பு: வைட்டமின் கேப்சூல் வாங்கலாமா?

கேள்வி: நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அம்மா போச்சம்பள்ளி பக்கம் கிராமத்தில் இருக்கிறார். வயது 56, பதினோரு வருடமாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. கண் முகாமில் பார்த்துவிட்டு, விழித்திரையில் ஆரம்பநிலை பாதிப்பு என்றார்கள். இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூல் சாப்பிட்டால் முற்றாது என்கிறார். லூட்டின், துத்தநாகம், வைட்டமின் இ எல்லாம் அதில் இருக்கிறது. மாதம் 900 ரூபாய் ஆகும். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: அந்த 900 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பை முற்றவிடாமல் தடுக்கும் என்று நிரூபணமான வைட்டமின் கேப்சூல் இன்றுவரை இல்லை. கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்லவரவில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால், விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களில் செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் அளவுக்கு மீறி உண்டாகின்றன. குழாயின் சுவர் வலுவிழந்து அங்கங்கே சின்னப் புடைப்புகள் கிளம்பும், நீர் கசியும், சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ரத்தம் போகாத இடத்தில் உறுதியில்லாத புதுக் குழாய்கள் முளைத்து, அவை உடையும்போதுதான் கண்ணுக்குள் ரத்தம் கொட்டிப் பார்வை போகிறது. அந்த ஆக்சிஜன் சேர்மங்களை அடக்கினால் போதுமே என்று சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பு குறைந்தது. மனிதர்களிடம் அது பலிக்கவில்லை. ஆல்ஃபா லிப்போயிக் அமிலத்தைத் தினம் 600 மில்லிகிராம் என்று இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு விழித்திரை வீக்கம் குறைவாக வரவில்லை. 2015இல் வந்த இன்னொரு ஆய்வில் கலவைக் கேப்சூல் சாப்பிட்டவர்களுக்குப் பார்வைத் திறன் சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் 67 பேர், நடந்தது ஆறே மாதம். இதுவோ வருடக்கணக்கில் மெதுவாக நகரும் நோய்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் லூட்டின் 10 மி.கி., அதே வகை நிறமியான சியாசாந்தின் 2 மி.கி. என்று போட்டிருக்கலாம். 2013இல் அமெரிக்காவில் முடிந்த பெரிய ஆய்வு ஒன்றில் பயன்படுத்திய அளவு அது. அந்த ஆய்வு வயதானவர்களுக்கு விழித்திரையின் மையம் தேய்ந்துபோகும் வேறொரு நோய்க்கானது. அந்த நோய் ஓரளவு வந்தவர்களுக்கு இந்தக் கலவையைக் கண் மருத்துவர்களான நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். அங்கே கிடைத்த நல்ல பெயரைச் சர்க்கரை நோயாளியின் கண்ணுக்கும் சேர்த்து விற்கிறார்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சாப்பிட்டால் கெடுதலா? பெரும்பாலும் பெரிய கெடுதல் வராது. ஆனால் பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் சேர்ந்த கேப்சூலைத் தொடக்கூடாது, நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும். வைட்டமின் சி அதிக அளவில் போனால் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைத் தப்பாகக் காட்டும். என் கவலை வேறு. கண்ணுக்குத்தான் மாத்திரை சாப்பிடுகிறோமே என்ற தைரியத்தில் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, பார்வை மங்கிய பிறகு ஓடிவருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். இந்த நோய் முற்றும்வரை வலி இருக்காது, பார்வையும் நன்றாகவே இருக்கும்.

சரி, எதுதான் தடுக்கும்? சர்க்கரைக் கட்டுப்பாடு என்பது உங்களுக்கே தெரியும், ஆகவே பிரஷரைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்து 1998இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினரின் சராசரி பிரஷர் 144/82, இன்னொரு பிரிவினருக்கு 154/87. மேல் எண்ணில் பத்துதான் வித்தியாசம். அதற்கே விழித்திரைப் பாதிப்பு மோசமாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தலைசுற்றல் இல்லை என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துபவர்கள் நம் பக்கம் அதிகம். அம்மா தினம் போடுகிறாரா என்று மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள்.

மாத்திரையாகவே ஏதாவது வேண்டுமென்றால் மருத்துவரிடம் ஃபீனோஃபைப்ரேட் பற்றிக் கேளுங்கள். ரத்தக் கொழுப்புக்குக் கொடுக்கும் பழைய மருந்து. ஆரம்பநிலை கண் பாதிப்பு உள்ளவர்களிடம் ஸ்காட்லாந்தில் நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வில், நோய் முற்றுவது அல்லது சிகிச்சை தேவைப்படுவது 27 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பயந்துபோய்ச் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கப் பார்க்காதீர்கள். ரொம்ப நாள் எகிறிக் கிடந்த சர்க்கரை சடாரென்று இறங்கினால் கண் பாதிப்பு தற்காலிகமாகக் கூடலாம். இன்சுலின் தொடங்கும்போது கண்ணில் ஏற்கெனவே பாதிப்பு இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

லூட்டின் முருங்கைக்கீரையிலும் பொன்னாங்கண்ணியிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இருக்கிறது. கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஒட்டும் என்பதால் கீரையைக் கொஞ்சம் எண்ணெயில் தாளித்துச் சாப்பிடுவது நல்லது. இதுவும் மருந்தல்ல, நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். கேழ்வரகுக் களியானாலும் இரண்டு பெரிய உருண்டை போனால் சர்க்கரை ஏறவே ஏறும். ஒன்றைச் சின்னதாக்கி, கீரைக் கடைசலைக் கூட்டிக்கொள்ளலாம். மாம்பழம் கண்ணுக்கு நல்லது என்று சீசனில் எல்லோரும் சொல்வார்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் கண் கோளாறுக்கு அந்தப் பேச்சு பொருந்தும், அம்மாவின் பிரச்சினை அதுவல்ல.

வீடு தேடிச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரைச் செலவு அதில் மிச்சமாகும். விழித்திரைப் பரிசோதனைக்கு மட்டும் நாம்தான் போக வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள், அப்புறம் சில மணி நேரம் கண் கூசும், மங்கலாகத் தெரியும். அம்மாவைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பாமல் யாராவது கூடப் போங்கள்.

முகாமில் கொடுத்த சீட்டில் மைல்டு (லேசானது) என்று எழுதியிருந்தால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், மாடரேட் (நடுத்தரம்) என்றிருந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மறுபடி காட்ட வேண்டும். இடையில் கண்முன் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ, அன்றைக்கே கூட்டிப் போங்கள்.