ஆற்றைப் பிரிப்பதும் பயனைப் பிரிப்பதும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 ஏப்ரலில் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது முதல் அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவருகிறேன். ஆறுகளை ஆளுக்கு மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டதே அதன் மூலக் குறை என்றும், அமெரிக்காவும் கனடாவும் கொலம்பியா ஆற்றைச் சேர்ந்து மேம்படுத்தியதுபோல நாமும் செய்திருக்கலாம் என்றும் நண்பர் ஒருவர் வாதிடுகிறார். கொலம்பியா அவ்வளவு நல்ல முன்மாதிரிதானா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொல்லும் யோசனை பழையது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவராக இருந்த டேவிட் லிலியந்தால், சிந்துப் படுகை முழுவதையும் ஒரே அமைப்பாகக் கருதி இரு நாடுகளும் கூட்டாக நிர்வகிக்கலாம் என்று 1951-இலேயே எழுதினார். உலக வங்கி சமரசம் பேச வந்ததற்கும் அந்தக் கட்டுரையே தூண்டுதல். ஆனால் 1952-இல் தொடங்கிய பேச்சு விரைவிலேயே முட்டி நின்றுவிட, ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகியவை இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் ஆகியவை பாகிஸ்தானுக்கு என்று பிரிக்கும் திட்டத்தை 1954-இல் வங்கியே முன்வைத்தது.

சிந்து ஒப்பந்தம் 1960 செப்டம்பர் 19 அன்று கையெழுத்தானது. கனடாவில் தோன்றி அமெரிக்காவுக்குள் பாயும் கொலம்பியாவின் ஒப்பந்தம் நான்கே மாதங்கள் கழித்து, 1961 ஜனவரி 17 அன்று. இரண்டுக்கும் பின்னால் 1948-ஆம் ஆண்டு இருக்கிறது. அந்த ஏப்ரலில் இந்தியாவின் கிழக்குப் பஞ்சாப் அரசு எல்லை தாண்டிப் பாகிஸ்தானுக்குச் செல்லும் கால்வாய்களை அடைத்தது. மே 30 அன்று கொலம்பியாவின் வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு, போர்க்காலத்தில் கப்பல் தளத் தொழிலாளர்களுக்காக எழுப்பப்பட்ட வேன்போர்ட் என்ற அமெரிக்க நகரை ஒரே நாளில் இல்லாமலாக்கியது. ஓரிடத்தில் தண்ணீர் வரவில்லை என்பது வழக்கு, மற்றதில் தண்ணீர் வந்துவிட்டது என்பது. பாசனத்தில் ஒரு வயல் குடித்த நீர் அடுத்த வயலுக்கு இல்லை. மின்சாரத்திலோ மேல் அணையின் சுழலியைச் சுற்றிய அதே நீர் கீழே இருக்கும் ஒவ்வோர் அணையிலும் மீண்டும் சுற்றும். ஆகவே சிந்துவில் பங்கு போட்டவர்களைக் குறுகிய பார்வையுடையவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொலம்பியா ஏற்பாட்டின் நுட்பம் அதன் கணக்கில் இருக்கிறது. கனடா தன் மண்ணில் டங்கன், கீன்லிசைடு, மைக்கா என்ற மூன்று அணைகளைக் கட்டி, ஒரு கோடியே 55 லட்சம் ஏக்கர் அடி, நம் அளவையில் ஏறத்தாழ 675 டி.எம்.சி., கொள்ளளவை ஒதுக்கித் தரவேண்டும். பனி உருகும் காலத்தில் அங்கே தேக்கி, தேவைப்படும் மாதங்களில் திறந்துவிட்டால், கீழே அமெரிக்க அணைகள் கூடுதல் மின்சாரம் எடுக்க முடியும். அந்தக் கூடுதலில் பாதி கனடாவுக்கு. மேலே அணைகள் இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்பதை ஆறு ஆண்டுகள் முன்கூட்டியே ஆண்டுதோறும் கணக்கிட்டு வித்தியாசத்தைப் பாதியாக்குகிறார்கள். உண்மையில் எவ்வளவு உற்பத்தியானது என்பது அந்தக் கணக்கில் வராது. இது தவிர, 60 ஆண்டு வெள்ளத் தடுப்புக்காக 6 கோடியே 44 லட்சம் டாலரை அமெரிக்கா கொடுத்தது. முதல் 30 ஆண்டு மின்சாரப் பங்கையும் கனடா அமெரிக்க மின் நிறுவனங்களுக்கே சுமார் 25 கோடி டாலருக்கு விற்று அணை கட்டியது. அந்த விலை மலிவு என்று கனடாவில் இன்றும் முணுமுணுப்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு.

ஆனால் உங்கள் நண்பர் விட்டுவிடுவது கணக்கில் ஏறாத பக்கத்தை. கனடாவில் சுமார் 1,10,000 ஹெக்டேர் நிலம் மூழ்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். ஆரோ ஏரிகளின் கரையில் பழத்தோட்டங்களுக்குப் பேர்போன ரெனாட்டா போன்ற ஊர்கள் நீருக்கடியில் போயின. காலி செய்யப்பட்ட வீடுகளை நீர் வருவதற்கு முன்பே கொளுத்திவிட்டார்கள். நீர்த்தேக்கம் வடியும் மாதங்களில் அங்கே வண்டல் திட்டு தெரிகிறது, காற்றடித்தால் புழுதி எழுகிறது. க்டுனாக்ஸா, செக்வெபெம்க், சில்க்ஸ் ஒகனாகன் ஆகிய பூர்வகுடியினரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. சினிக்ஸ்ட் என்ற இனத்தையோ 1956-இலேயே அழிந்துபோனதாகக் கனடிய அரசு அறிவித்திருந்தது. அவர்களின் உரிமையைக் கனடிய உச்ச நீதிமன்றம் ஏற்க 2021 வரை ஆனது. கூட்டு மேம்பாடு என்ற சொல்லில் கூட்டு இரு அரசுகளுக்கு மட்டும்தான்.

அரசுகளுக்கு இடையிலும் உறவு சுமுகமாக இல்லை. மின்சாரப் பாதி அதிகம் என்று அமெரிக்கத் தரப்பு நெடுநாளாகக் குறைப்பட்டுவந்தது. 2024 ஜூலையில் அந்தப் பங்கைக் குறைக்கவும் கனடாவுக்குத் தன் அணைகளை இயக்குவதில் கூடுதல் சுதந்திரம் தரவும் கொள்கை அளவில் உடன்பாடு எட்டப்பட்டது. ஆட்சி மாறியதும், 2025-இல் அமெரிக்கா அந்தப் பேச்சை நிறுத்திவைத்தது. ஆனாலும் பழைய ஒப்பந்தம் நிற்கிறது, காரணம் அதிலேயே இருக்கிறது: விலக விரும்பும் நாடு பத்து ஆண்டு முன்னறிவிப்பு தரவேண்டும். சிந்து ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு தனியே விலகுவதற்கு வழியே வைக்கப்படவில்லை. அதனால்தான் 2025-இல் டெல்லி ரத்து என்று சொல்லாமல் நிறுத்திவைப்பு என்று அறிவிக்க நேர்ந்தது. கொலம்பியாவிடமிருந்து கடன் வாங்க ஒன்று உண்டென்றால், அந்தப் பத்தாண்டுப் பிரிவைத்தான் நான் முதலில் கேட்பேன்.