பழைய காரில் வேறு இன்ஜின்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் 1989 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. பாடி துருப்பிடிக்காமல் நன்றாக இருக்கிறது, இன்ஜின்தான் ஆயில் குடிக்கிறது. சிலிண்டரைக் கடைந்து சீர்செய்யும் ரீபோர் வேலையைவிட அதே கம்பெனியின் 1998 மாடல் இன்ஜினை வாங்கி ஏற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். புகைச் சோதனையில் காரின் வருடத்தைப் பார்ப்பார்களா, இன்ஜினின் வருடத்தையா?

பதில்: இது இடத்துக்கு இடம் மாறும். அதனால் இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, வண்டி பதிவாகியிருக்கும் அலுவலகத்தில் இதைக் கேட்டுவிடுங்கள். ஒரே இன்ஜின் மாற்றம் ஓர் இடத்தில் சுலபமாகத் தேறும், இன்னொரு இடத்தில் வண்டியையே ஓட்டமுடியாமல் செய்துவிடும்.

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கழற்றுவதையும் முடக்குவதையும் தடை செய்கிறது. இன்ஜின் மாற்றுவதை அது தடுக்கவில்லை. ஆனால் மாற்றிய பிறகு, உங்கள் காரின் வருடத்திலோ அதற்குப் பின்னரோ சான்று பெற்ற ஏதாவது ஒரு வண்டியின் அமைப்போடு உங்கள் கார் ஒத்துப்போக வேண்டும். 1989 காரில் 1998 இன்ஜின் ஏற்றினால் வருடக் கணக்கு சரி. 1985 இன்ஜின் என்றால் அங்கேயே அடிபட்டுவிடும்.

கலிபோர்னியா இன்னும் கறார். இன்ஜின் மாற்றிய வண்டியை 'ரெஃபரி' என்ற தனிச் சோதனை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ, அதில் இருந்த புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் அத்தனையும் உங்கள் காரிலும் இருக்கின்றனவா, வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். தேறினால் கதவு ஓரத்தூணில் ஒரு லேபிள் ஒட்டுவார்கள். அடுத்தடுத்த சோதனைகளில் அந்த லேபிளை வைத்துத்தான் வண்டியைப் பார்ப்பார்கள்.

பிரிட்டன் வேறு வழியில் போகிறது. 2002 செப்டம்பருக்கு முன் முதலில் பயன்பாட்டுக்கு வந்த வண்டி என்றால், வண்டி, இன்ஜின் இரண்டில் எது பழையதோ அதற்குரிய அளவை வைத்துச் சோதிக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு மாற்றத்தால் புகையோ சத்தமோ மோசமானால், வண்டியின் இயக்க அனுமதியே காலாவதியாகிவிடும். இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. புகைச் சோதனையில் தேறிவிட்டோம் என்று அங்கே வாதாட முடியாது.

சரி, உங்கள் 1998 இன்ஜினுக்கு வருவோம். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓ.பி.டி. 2 என்ற சுயபரிசோதனை அமைப்பு கட்டாயமானது. அந்த இன்ஜின் அங்கே விற்ற வண்டியிலிருந்து வருகிறது என்றால், புகையிலுள்ள நச்சுகளை மாற்றும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டர், டேங்க்கின் அழுத்தத்தை அளக்கும் சென்சார், டேஷ்போர்டில் 'செக் இன்ஜின்' விளக்கு எல்லாம் அதோடு சேர்ந்தவை. இவற்றில் பல உங்கள் 1989 காரில் கிடையாது. இன்ஜினை மட்டும் இறக்கி ஏற்றினால் வண்டி ஓடும், ஆனால் தேறாது.

இதைச் சட்டத்தின் பிடிவாதம் என்று பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூவழி கேட்டலிடிக் கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று நச்சுகளையும் ஒருசேர மாற்ற வேண்டுமென்றால், எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று போக வேண்டும். கலவை கொஞ்சம் செறிவானாலே கார்பன் மோனாக்சைடு தப்பிவிடும், கொஞ்சம் மெலிந்தாலே நைட்ரஜன் ஆக்சைடுகள் தப்பிவிடும். ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, இ.சி.யூ. என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி நொடிக்கு நொடி கலவையைத் திருத்திக்கொண்டே இருப்பதால்தான் அது நடக்கிறது. பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டால் மீதிப் பாதியும் வேலை செய்யாது.

ஆகவே என் யோசனை: இன்ஜினைத் தனியாக வாங்காதீர்கள். பின்பக்கமோ பக்கவாட்டிலோ அடிபட்ட முழு வண்டி கிடைத்தால் அதை வாங்குங்கள். வெட்டாத வயரிங், இ.சி.யூ., திருட்டுத் தடுப்புப் பூட்டு இருந்தால் அதற்குரிய சாவி, கேனிஸ்டர், பெட்ரோல் டேங்க், கன்வர்ட்டர், பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் புகை விவர ஸ்டிக்கர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அந்த ஸ்டிக்கரில்தான் மாடல் வருடமும் இன்ஜின் வகையும் இருக்கின்றன. தனி இன்ஜின் விற்பவர்கள் அதைப் பெரும்பாலும் தருவதில்லை. முதலில் செலவு கூடினாலும், பிறகு ஒவ்வொரு சென்சராகத் தேடி அலைவதைவிட இது மேல்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வரும், குறைவாக ஓடிய பழைய இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது. இன்ஜின் வகையைக் குறிக்கும் கோடும் என் வண்டியுடையதேதான். வாங்கலாமா?

பதில்: கோடு ஒன்றாக இருந்தால் இன்ஜினும் அப்படியே ஒன்று என்று ஆகிவிடாது. ஒவ்வொரு நாட்டு விதிக்கும் ஏற்ப காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்குத் திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வு, சென்சார் இருக்கும் இடம், கம்ப்ரஷன் விகிதம் எல்லாம் மாறலாம். உங்கள் ஊரில் சான்று பெற்ற இன்ஜினுக்கு அது எந்தெந்த விதத்தில் சமம் என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம். அப்புறம், பழைய இன்ஜினில் உள்ள மேனிஃபோல்டையும் சென்சார்களையும் கழற்றி இதில் மாட்டிவிடலாம் என்று விற்பவர் சொன்னால், அந்தத் துளைகளும் இணைப்புகளும் இதில் இருக்கின்றனவா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

கேள்வி: என் ஜீப்பில் லாரியின் டீசல் இன்ஜினை ஏற்ற முடியுமா? இழுவை நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

பதில்: இழுவை இருக்கும். ஆனால் அமெரிக்க விதியில் இது பெரும்பாலும் நிற்காது. இலகு வாகனத்தை முழு வண்டியாக உருளைமேல் ஓடவிட்டு, ஒரு மைலுக்கு எத்தனை கிராம் நச்சு வருகிறது என்று அளக்கிறார்கள். கனரக இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் நிறுத்தி, அது கொடுக்கும் சக்திக்கு எத்தனை கிராம் என்று அளக்கிறார்கள். ஒன்றுக்கு வாங்கிய சான்று மற்றதற்குச் செல்லாது. வருடம் புதிதாக இருந்தாலும் வகை மாறினால் சிக்கல்தான்.

கேள்வி: என் தாத்தாவின் கார் 1972 மாடல். இவ்வளவு பழைய வண்டிக்கு விதியே கிடையாதாமே?

பதில்: முழுக்க உண்மையல்ல. கலிபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கு புகைச் சோதனை இல்லை. பிரிட்டனில் 40 வருடம் தாண்டிய காருக்கு வருடாந்திரச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அதே அடிப்படை இன்ஜினின் வேறு சி.சி. அளவு என்றால் அதைப் பெரிய மாற்றமாக எடுப்பதில்லை. சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் எடுக்க வாய்ப்பு அதிகம். இந்த மாதிரி வண்டிக்கு அதே குடும்பத்து இன்ஜினையே தேடுங்கள். தாத்தாவின் கார் தாத்தாவின் காராகவே இருக்கும் என்பது கூடுதல் சந்தோஷம்.

கேள்வி: ஏற்கனவே இன்ஜின் மாற்றிய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "போன மாதம்தான் புகை பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். குழாய் முனையில் வரும் புகை சுத்தமாக இருப்பது ஒரு விஷயம், வண்டி விதிப்படி இருப்பது வேறு விஷயம். பல இடங்களில் பாகங்களைக் கண்ணால் பார்ப்பதும் சோதனையின் ஒரு பகுதி.

போய்ப் பார்க்கும்போது முதலில் பேப்பர். பதிவுச் சான்றில் உள்ள இன்ஜின் எண்ணையும் இன்ஜின் பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணையும் டார்ச் அடித்து ஒப்பிடுங்கள். சான்றில் எண் இல்லாத நாடு என்றால், மாற்றத்துக்கான சோதனைச் சான்றையோ லேபிளையோ கேளுங்கள்.

அடுத்து, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். 'செக் இன்ஜின்' விளக்கு உள்ள மாடல் என்றால் அது எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், வயரை வெட்டியிருக்கலாம். பானெட்டைத் திறந்து ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். ஹோஸின் வாயில் போல்ட் திணித்து கிளாம்ப் போட்டிருந்தால், ஏதோ ஒரு பாகத்தை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். கீழே குனிந்து பின் ஆக்ஸிஜன் சென்சாரைப் பாருங்கள். அதற்கும் குழாய்க்கும் நடுவே நீளமான இடைத்துண்டு (ஸ்பேசர்) இருந்தால், கன்வர்ட்டர் கெட்டிருப்பதை மறைக்கப் பார்க்கிறார்கள்.

ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தால் மாட்டி, வண்டியின் சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் 'ரெடினெஸ்' பகுதிக்குப் போங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை, ஆனால் பல சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால் பிழைகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, பேரம் முடிவதற்கு முன், வண்டியை உங்கள் பெயரில் எந்த ஊரில் பதியப் போகிறீர்களோ அந்த ஊர்ச் சோதனை மையத்தில் காட்டித் தேறினால்தான் மீதிப் பணம் என்று எழுதி வாங்குங்கள். சோதனைக் கட்டணத்தை நீங்களே கொடுங்கள். அதற்கும் விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.