திருச்சியிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

நேரா அளந்தா சுமார் 13,600 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது, எங்கயாவது இறங்கி மாறணும். துபாய் வழின்னா 14,000 வரும். சிங்கப்பூர் வழின்னா 18,000-க்கு மேல. திருச்சிக்கு ரெண்டு ஊருமே 3,000 கிலோமீட்டர் பக்கம்தான், ஒண்ணு மேற்கே, ஒண்ணு கிழக்கே. நியூயார்க் போக சிங்கப்பூர் போறது, காரைக்குடியில இருந்து திருச்சி போக ராமநாதபுரம் போற கதை.

"இது கூகுள்லயே இருக்கே"ன்னு வர்றவங்க கொஞ்சம் பொறுங்க. இந்தக் கேள்வியைக் கேக்கறவர் வீட்டுல ஏதோ விசேஷம் இருக்கும், அங்கேர்ந்து யாரோ வரணும். நானும் அப்படி ஒரு கணக்குப் போட்டு மாட்டுனவன்.

ஆச்சி மக கல்யாணம் (எங்க செட்டிநாட்டுப் பக்கம் அக்காவை ஆச்சின்னும் அப்பாவை அப்பச்சின்னும்தான் கூப்பிடுவோம்). தாய்மாமன் நான் ஒருத்தன்தான். நியூயார்க்ல இருந்து சிங்கப்பூர் 18 மணி நேரத்துக்கு மேல, அங்கேர்ந்து திருச்சி 4 மணி நேரம். "ஒரு நாள்ல வந்துருவேன்"னு அப்பச்சிகிட்ட சொன்னேன். மிச்சம் பிடிக்கிறேன்னு ரெண்டையும் தனித்தனி டிக்கெட்டா போட்டேன். அதான் வினை. புதன் ராத்திரி ஏறினா வெள்ளி விடியக்காலை சிங்கப்பூர், அதுவும் அன்னைக்கு ரெண்டு மணி நேரம் தாமதம், திருச்சி விமானத்தை விட்டுட்டேன். ஒரே டிக்கெட்டா (ஒரே பி.என்.ஆரா) இருந்தா அவங்களே அடுத்த விமானத்துல ஏத்தி விட்டிருப்பாங்க. தனி டிக்கெட்டுக்கு "நீங்க வரலை, டிக்கெட் போச்சு" அவ்வளவுதான். பெட்டியையும் நானே எடுத்து, புது டிக்கெட் வாங்கி, சனிக்கிழமை விடியக்காலை விமானம்.

சனிக்கிழமைதான் முகூர்த்தம்.

கட்ட வேண்டிய பட்டு வேட்டியைக் கைப்பையிலயே வச்சிருந்தேன். திருச்சியில இறங்கி, ஊருக்குப் போற டாக்ஸி பின்சீட்டுல உக்காந்தபடியே சுத்திக்கிட்டு வந்தேன். புதுக்கோட்டை தாண்டும்போது போன். பேச்சு இல்லை, கொட்டுமேளம் மட்டும். ஆச்சி போனை மணவறைப் பக்கம் நீட்டிப் பிடிச்சிருக்கா. திருமயம் கோட்டை வர்றப்ப மேளம் நின்னு போச்சு.

வீட்டுக்குள்ள போனா முகப்புத் தூண்ல எனக்கு வாங்குன மாலை தொங்குது. அப்பச்சி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக: "ஒங்க ஐயா (தாத்தா) ரஜூலா கப்பல்ல பினாங்குல இருந்து நாகப்பட்டினம் வந்து எறங்குனாக. ஒரு வாரம் கடல்ல. சொன்ன நாளுக்கு வந்தாக."

ஐயா ஒரு மாசம் முன்னாடியே கிளம்பியிருப்பாக, எனக்கு லீவே பத்து நாள்னு பதில் சொல்லலாம். சொல்லலை. தனி டிக்கெட்டே தப்புன்னும் நான் சொல்லலை, நடுவுல ஒரு நாள் தங்குறவங்களுக்கு அது லாபம்தான். சண்டைக்கு வராதீங்க.

இன்னொண்ணு, கேட்டதுக்குச் சம்பந்தமில்லைதான். செட்டிநாட்டுல இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம் சும்மா கிடக்கு. நாங்க இன்னும் பெட்டியோட ரெண்டு மணி நேரம் திருச்சிக்கு ஓடிக்கிட்டு இருக்கோம். எத்தனை தேர்தல் வந்து போச்சு!

உங்க வீட்டுப் பிள்ளை வரணும்னா ஒரே டிக்கெட்டாப் போடச் சொல்லுங்க, வீட்டுக்கு வீடு 30 மணி நேரத்துக்குக் குறைச்சு யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்தக் கல்யாண ஆல்பத்துல என் முகம் முதல்ல வர்றது ரெண்டாம் பந்தியிலதான்.